வீட்டில் சவுக்காரம் செய்தல்

உடம்பிலும் உடையிலும் படியும் அழுக்கைப் போக்குதற்கு நாம் நாள்தோறும் சவுக்காரத்தைப் பயன்படுத்துகின்றோம். கடையிற் காசு கொடுத்தால் வண்ணத் தாள்களிற் பொதிந்த கட்டிகள் கிடைக்கின்றன. ஆதலின், அஃது எவ்வாறு உண்டாகின்றது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. எண்ணெய், நீர், ஒரு காரப்பொருள் ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டிலேயே இதனைச் செய்துகொள்ளலாம். ஆயினும், குழம்புக்கு உப்பிடுவது போலக் கையளவையாலும் கண்ணளவையாலும் செய்யத்தக்க பொருள் அன்று இது. அளவு பிழைத்தால், அழுக்கைப் போக்க வேண்டிய பொருள் தோலைப் போக்கிவிடும். இதனை நான் நூலிற் கற்றேன் அல்லேன். என் அன்னையாரின் கைகளைக் கண்டு கற்றேன். அவ்வரலாற்றைப் பின்னர்க் கூறுவேன்.

முதலிற் பெயரைக் காண்போம். 'சவர்' என்பது உவர்ப்பைக் குறிக்கும் தமிழ்ச்சொல். அதனோடு காரம் என்பது சேர்ந்து சவர்க்காரம் என்றாயிற்று. அதுவே பேச்சில் மருவிச் சவுக்காரம் எனப்படுகின்றது. இலங்கைத் தமிழர் இன்றும் சவர்க்காரம் என்றே வழங்குகின்றனர். நம் நாட்டிலோ மேலைநாட்டினர் வழியாக வந்த சோப்பு என்னும் சொல் வீடுதோறும் நிலைத்துவிட்டது. சோப்பு என்பது பொருளின் பெயரை மட்டும் கூறுகின்றது. சவர்க்காரம் என்பதோ அப்பொருள் எதனாற் பிறந்தது என்பதையும் சேர்த்துக் கூறுகின்றது. தமிழாசிரியனாய் வாழ்ந்தவன் இதனைச் சுட்டாமல் மேலே செல்லுதல் அரிது.

சவுக்காரக் கட்டி வருவதற்கு முன்னர் நம் முன்னோர் அழுக்குடுத்து வாழ்ந்தனர் என்று கருதிவிடலாகாது. உடம்புக்குப் பயற்றமாவும், தலைக்குச் சீயக்காயும் அரப்பும், பட்டாடைக்குப் பூவந்திக்கொட்டையும் அவர்களுக்கு இருந்தன. சீயக்காயிலும் அரப்பிலும் பூவந்தியிலும் நுரை எழுப்பும் சப்போனின் என்னும் பொருள் இயற்கையிலேயே அமைந்துள்ளது. பருத்தி ஆடைக்கு வண்ணார் உவர்மண்ணைப் பயன்படுத்தினர். உவர்மண் கரைத்த நீரில் துணியை நனைத்து, வெள்ளாவியில் வேகவைத்து, துறையில் அடித்து வெளுப்பர்.

இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. புறநானூற்றின் 311-ஆம் பாட்டு ஔவையார் பாடியது. களர்நிலத்திற் கிணறு தோண்டி, அந்நீரில் நாள்தோறும் ஆடை வெளுக்கும் பெண்ணொருத்தி அப்பாட்டில் வருகின்றாள். நல்ல நீர் கிடைக்கும் ஆற்றையும் குளத்தையும் விட்டுக் களர்நிலத்திற் கிணறு தோண்டுவானேன் என்று நான் மாணவனாயிருந்த காலத்தில் வியந்ததுண்டு. இன்றைய வேளாண்நூலார் உவர்நிலத்தையும் களர்நிலத்தையும் வேறு பிரித்துக் கூறுவர். பலவகை உப்புகள் மிகுந்தது உவர்நிலம். சோடியத்தின் காரம் மிகுந்தது களர்நிலம். வெளுப்பதற்கு வேண்டுவது உப்பன்று, காரமே. அப்பெண் தோண்டிய இடம் தொழிலறிந்து தோண்டிய இடம் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

காரம் மட்டும் அழுக்கை ஓரளவு எடுக்கும். ஆயின் அது துணியையும் கையையும் அரிக்கும். அக்காரத்தை எண்ணெயோடு அளவறிந்து கூட்டினால் இரண்டின் இயல்பும் மாறி, இரண்டும் அல்லாத மூன்றாவது பொருளொன்று பிறக்கின்றது. அதுவே சவுக்காரம். நன்றாய்ச் செய்த சவுக்காரத்தில் எண்ணெயின் பிசுக்கும் இல்லை. காரத்தின் எரிச்சலும் இல்லை.

இம்மாற்றத்தின் உண்மையைத் தெளிவாக ஆராய்ந்து கண்டவர் செவ்ரல் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1786-இற் பிறந்து 102 ஆண்டு வாழ்ந்த இப்பெரியார், கொழுப்புகளைப் பற்றிய தம் நூலை 1823-இல் வெளியிட்டார். எண்ணெய் என்பது ஒரே பொருளன்று. கிளிசெரினும் கொழுப்பு அமிலங்களும் பிணைந்து நிற்பது என அவர் விளக்கினார். எண்ணெயிற் காரம் சேரும்பொழுது அப்பிணைப்பு அறுகின்றது. கொழுப்பு அமிலங்கள் காரத்தோடு கூடிச் சவுக்காரம் ஆகின்றன. கிளிசெரின் தனித்து நிற்கின்றது. பெருந்தொழிற்சாலைகளில் உப்பிட்டுக் கிளிசெரினைப் பிரித்தெடுத்து வேறாக விற்பர். வீட்டிற் செய்யும் சவுக்காரத்தில் அது கட்டியிலேயே தங்கித் தோலுக்கு மென்மை தருகின்றது.

சவுக்காரத்தின் நுண்துகள் ஒவ்வொன்றும் இருமுனை உடையது. ஒருமுனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். துணியில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை ஒருமுனை பற்றிக்கொள்ள, மறுமுனை நீரைப் பற்றிக்கொள்கின்றது. நீரை ஊற்றி அலசும்பொழுது பிசுக்கும் நீரோடு போய்விடுகின்றது. நீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள பழம்பகையைத் தீர்த்து வைக்கும் தூதுவன் என்று சவுக்காரத்தைக் கூறலாம். 2020-இல் கொரோனா நோய் உலகெங்கும் பரவியபொழுது, சவுக்காரமிட்டுக் கைகழுவுமாறு மருத்துவர் வற்புறுத்தினர் அல்லரோ? அந்நோய்க்கிருமியின் மேலுறை கொழுப்பாலாயது. கொழுப்பை நாடும் முனை அவ்வுறையிற் புகுந்து அதனைக் குலைத்துவிடும்.

இனி, காரம் எங்கிருந்து கிடைக்கின்றது? பண்டை நாளில் மரச்சாம்பலை நீரிற் கரைத்து வடித்துக் காரநீர் எடுத்தனர். உவர்மண்ணின் காரத்தோடு சுண்ணாம்பு கூட்டி, அதனைக் கடுங்காரமாக்கி எண்ணெயோடு கலந்து, நாட்டுச் சவுக்காரம் காய்ச்சியவரும் நம் நாட்டில் இருந்தனர். பிரான்சு நாட்டு லெப்ளாங்கு என்பவர் 1791-இற் கடலுப்பிலிருந்து சோடாவைச் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். இன்று உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடாவைப் பெறுகின்றனர். எரிசோடா என்பதும் அதுவே. 1936-இல் நிறுவப்பட்ட மேட்டூர்க் கெமிக்கல்ஸ் ஆலை, 1941-இல் இதனைச் செய்யத் தொடங்கிற்று. நாம் உணவில் இடும் உப்பும் தோலை எரிக்கும் இக்காரமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது வியப்புக்குரியது.

எண்ணெயைப் பற்றிக் கூறப் புகுந்தால் எங்கள் பகுதியின் கதையும் உடன் வருகின்றது. திட்டக்குடி வெள்ளாற்றங்கரையில் உள்ளது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி நிலக்கடலைக்குப் பேர்பெற்றது. விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நிலக்கடலையின் புதுவகைகள் பல வெளிவந்துள்ளன. நிலக்கடலை நம் நாட்டுப் பயிரன்று, தென்னமெரிக்காவிற் பிறந்தது. எங்கள் ஊரார் அதனை மணிலாக்கொட்டை என்றும், மருவி மல்லாட்டை என்றும் கூறுவர்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு நிலக்கடலை மூட்டை மூட்டையாகப் புதுச்சேரித் துறைமுகத்தை அடைந்து, கப்பலேறிப் பிரான்சு நாட்டு மார்சேல் நகரத்துக்குச் சென்றது. மார்சேல் சவுக்காரத்துக்குப் புகழ்பெற்ற நகரம். ஒலிவ எண்ணெய் அன்றி வேறு கொழுப்பைச் சேர்த்தலாகாது என்று, பதினான்காம் லூயி மன்னனின் ஆட்சியில் 1688-இல் அங்கு ஆணை பிறப்பித்திருந்தனர். காலம் மாறிற்று; சவுக்காரத்தின் தேவை பெருகிற்று; வெளிநாட்டு வித்துகளின் எண்ணெயும் அங்குள்ள கொப்பரைகளில் ஏறிற்று. நம் உழவர் களைகொத்தி விளைத்த கொட்டை கடல்கடந்து சவுக்காரமாயிற்று. ஆனால் அதனை விளைத்தவர் வீட்டில் உவர்மண்ணே வழங்கிற்று. 1888-இல் ஆங்கில நாட்டுச் சன்லைட் கட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின. 1914-இற் சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டிற் சவுக்காரத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கிற்று. அதற்கு முயன்றவர்கள் மீன்வளத் துறையினர் என்பது விந்தையாகத் தோன்றலாம். மீனெண்ணெயும் எண்ணெயே என்பதை நினைவிற் கொண்டால் விந்தை நீங்கும்.

இப்பொழுது என் கதைக்கு வருகின்றேன். 1974-ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். நாடெங்கும் விலைவாசி கடுமையாக ஏறியிருந்த காலம் அது. என் அன்னையார் கடையில் வாங்கிய துணிச் சோப்பை நூலால் மூன்றாக அறுத்து, ஒரு துண்டைத் தந்து மற்றிரண்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். அக்கோடை விடுமுறையிற் சவுக்காரம் செய்யும் முறை அச்சிட்ட துண்டுத்தாள் ஒன்று என் கைக்குக் கிடைத்தது. ஒரு கிலோகிராம் தேங்காயெண்ணெய், 170 கிராம் காஸ்டிக் சோடா, இவ்வளவு நீர் என்று அதில் எழுதியிருந்தது. தேங்காயெண்ணெய்க்கு நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டில் இருந்தது செக்கில் ஆட்டி நாட்பட்டுக் காறிப்போன கடலையெண்ணெய். சமையலுக்கு உதவாத அவ்வெண்ணெயைச் சவுக்காரமாக்கினால் அன்னையார் மகிழ்வார் என்று எண்ணினேன். எண்ணெய் எதுவாயினும் எண்ணெய்தானே என்று கருதி, தேங்காயெண்ணெய் என்றிருந்த இடத்திற் கடலையெண்ணெயை ஊற்றினேன். மற்றவற்றையெல்லாம் தாளிற் கண்டவாறே வழுவாது செய்தேன்.

மறுநாள் கட்டி இறுகிற்று. எனக்கு உண்டான பெருமிதத்தைச் சொல்லி முடியாது. நான்காம் நாள் அன்னையார் அதனைக் கொண்டு ஒரு கூடைத் துணி துவைத்தார். துணிகள் வெளுத்தன. அன்று மாலை அவர் கைகள் சிவந்து, விரல் இடுக்குகளில் தோல் உரிந்திருந்தது. "அழுக்கு நன்றாகப் போகிறதடா, கைதான் கொஞ்சம் எரிகிறது" என்றார். அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. ஆனால் இரண்டு நாள் அவராற் புளி கரைக்க முடியவில்லை. உப்பைத் தொட முடியவில்லை. சமையலறையில் என் தமக்கை நின்றாள். நான் அப்பக்கம் செல்லவே கூசினேன்.

பள்ளி திறந்த அன்றே ஒரு கட்டியைத் தாளிற் சுற்றிக்கொண்டு எங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சென்றேன். அவர் அதன்மேற் பினாப்தலீன் கரைசலில் ஒரு துளி இட்டார். அவ்விடம் செம்பருத்தி நிறம் கொண்டது. "தம்பி, இதிற் காரம் எஞ்சி நிற்கிறது. நீ என்ன எண்ணெய் ஊற்றினாய்?" என்று வினவினார். நான் உண்மையைக் கூறியதும் கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதினார். ஒன்று 183, மற்றொன்று 136.

ஒரு கிலோகிராம் தேங்காயெண்ணெய் முழுவதும் சவுக்காரமாதற்கு ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே நிறையுள்ள கடலையெண்ணெய்க்கு ஏறக்குறைய 136 கிராமே போதும். நான் இட்டதோ 170 கிராம். தேங்காயெண்ணெயாயின் அது சற்றுக் குறைவு, தீங்கில்லை. கடலையெண்ணெய்க்கோ 34 கிராம் மிகுதி. உண்பதற்கு எண்ணெய் இல்லாத அந்த 34 கிராம் காரம் என் அன்னையாரின் கைத்தோலை உண்டது.

இவ்வேறுபாடு ஏன்? ஆசிரியர் கூறிய உவமை இன்றும் நினைவில் உள்ளது. ஒரு படி மொச்சையையும் ஒரு படி கேழ்வரகையும் எண்ணிப் பார்த்தால் எதில் மணிகள் மிகும்? கேழ்வரகில் அல்லவா? தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் கேழ்வரகு போலச் சிறியவை. கடலையெண்ணெயினுடையவை மொச்சை போலப் பெரியவை. மணி ஒன்றுக்குக் காரத்துகள் ஒன்று வேண்டும். ஆதலின் நிறை ஒன்றாயினும், மணிகள் மிகுந்த தேங்காயெண்ணெய் மிகுதியான காரத்தைக் கேட்கின்றது. ஒவ்வோர் எண்ணெய்க்கும் இவ்வாறு ஓர் எண் உண்டு. வேப்பெண்ணெய்க்கு ஏறக்குறைய 139, ஆமணக்கெண்ணெய்க்கு 128. நல்லெண்ணெய் கடலையெண்ணெய்க்கு அண்மையில் நிற்பது. எண்ணெயை மாற்றினால் எண்ணையும் மாற்றவேண்டும்.

கெட்ட கட்டிகளை எறிந்துவிட வேண்டியதில்லை என்றும் அவர் கூறினார். மிகுந்த 34 கிராம் காரத்துக்கு இன்னும் எவ்வளவு கடலையெண்ணெய் வேண்டும் என்று என்னையே கணக்கிடச் சொன்னார். 34-ஐ 136-ஆல் வகுத்தேன். காற்கிலோ, அஃதாவது 250 கிராம் என்று வந்தது. கணக்குப் பாடத்தில் அதற்குமுன் எனக்கு அத்துணை மகிழ்ச்சி உண்டானதில்லை. கட்டிகளைச் சீவி, சிறிது நீர் தெளித்து, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வேறொரு பாத்திரத்தில் வைத்து இளக்கி, 300 கிராம் எண்ணெய் விட்டுக் கிளறினோம். 50 கிராமை மிகுதியாக விட்டது காரம் ஒருசிறிதும் தங்காமைப் பொருட்டு. அக்கலவை பார்வைக்கு அழகின்றித் திப்பி திப்பியாக இறுகிற்று. துணி துவைக்க நன்கு உதவிற்று.

அதன்பின் ஆசிரியர் உடனிருக்க நான் செய்த முறையையே உங்களுக்கும் கூறுகின்றேன். நீங்கள் இதனைச் செய்ய விரும்பினால் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் இன்றியமையாதது. தனியே செய்தல் வேண்டா. சிறுகுழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் அப்பக்கம் வாராதிருத்தல் வேண்டும்.

தேங்காயெண்ணெய் 500 கிராம், கடலையெண்ணெய் 500 கிராம் கொள்க. தேங்காயெண்ணெய் கட்டியை உறுதியாக்கி நுரையை மிகுவிக்கும். தனித்து நின்றால் தோலை வறளச் செய்யும். கடலையெண்ணெய்ச் சவுக்காரம் மென்மையானது. தனித்து நின்றால் இறுகுவதற்கு நாளாகும், நுரையும் குறைவு. ஆதலின் இரண்டையும் கூட்டுதல் நன்று. இனிக் கணக்கு: 183-இற் பாதி 91.5, 136-இற் பாதி 68, இரண்டும் கூடி 159.5 கிராம். இது முழு அளவு. எண்ணெய் சிறிது எஞ்சினாற் கேடில்லை. காரம் சிறிது எஞ்சினாற் கேடு. ஆதலின் 150 கிராம் காஸ்டிக் சோடாவே எடுத்துக்கொள்க. நீர் 330 கிராம். மழைநீரோ வடித்த நீரோ சிறந்தது. கிணற்று நீரிற் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் அது சவுக்காரத்தோடு கூடித் திரைந்துபோகும். அனைத்தையும் தராசில் நிறுத்தே எடுக்கவேண்டும். குவளை, கரண்டி, படி ஆகியவற்றால் அளத்தல் கூடாது. கிராம் அளவுக்கு நிறுக்கும் மின்தராசு இன்று எளிதிற் கிடைக்கின்றது.

பாத்திரம் எவர்சில்வராய் இருக்கட்டும். அலுமினியப் பாத்திரத்தை ஒருபொழுதும் கொள்ளலாகாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துப் பொங்கும். தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிப்படும். கண்ணாடிப் பாத்திரம் வெப்பத்தால் வெடிக்கலாம். விருத்தாசலத்துப் பீங்கான் சாடி காரத்துக்கு எளிதில் அழியாது. ஆயினும் திடீர் வெப்பத்தை அது தாங்குமென்று நம்புதற்கில்லை. ஊறுகாய்ச் சாடியிற் காரநீரை ஊற்றி வைத்தலோ பெருந்தவறு. பிறர் அறியாமல் அதிற் கைவிடுவர். இதற்கென எடுத்த பாத்திரங்களைச் சமையலுக்கு மீண்டும் பயன்படுத்தாதிருத்தல் நலம்.

கைகளுக்கு இரப்பர் உறையும் கண்களுக்குக் காப்புக் கண்ணாடியும் அணிந்துகொண்டு, காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில் நின்று, நீரைப் பாத்திரத்தில் முதலில் ஊற்றுக. பின்னர்க் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாக நீரில் தூவிக் கிளறுக. நீரிற் காரத்தைத்தான் இடவேண்டும். காரத்தின்மேல் நீரை ஊற்றினால் அது கொதித்து மேலே தெறிக்கும். இம்முறைமையை எக்காரணத்தாலும் மாற்றற்க. அடுப்பு இல்லாமலே அந்நீர் கைபொறாத சூடேறுவதைக் காண்பீர்கள். எழும் ஆவியை முகர்தல் கூடாது. தோலிற் பட்டால் உடனே நிறைய நீரூற்றி நெடுநேரம் கழுவுக. கண்ணிற் பட்டால் நீர்விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரை நாடுக. காரத்தைப் புளிப்பு முறிக்கும் என்று காடியையோ எலுமிச்சஞ்சாற்றையோ தோலில் ஊற்றுவோர் உளர், அது செய்யத்தகாதது.

காரநீர் கலங்கல் நீங்கித் தெளிந்து, பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டால் இளஞ்சூடாய் இருக்கும்வரை ஆறட்டும். எண்ணெய்களையும் அதே சூட்டுக்கு, ஏறக்குறைய 40 பாகை செல்சியசுக்கு, கொண்டுவருக. பிறகு காரநீரை எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றி, ஓயாது ஒரே சீராய்க் கிளறுக. முதலில் இரண்டும் பிரிந்தே நிற்கும். மெல்ல மெல்லக் கலங்கி, மோர்போலாகி, பின்னர்த் தோசைமாவு போலத் தடிக்கும். மரக்கரண்டியைத் தூக்கி ஒழுகவிட்டால், ஒழுகிய தாரை மேற்பரப்பிற் கோலக்கோடு போலச் சற்றுநேரம் அழியாமல் நிற்கவேண்டும். அதுவே பதம். கையாற் கிளறினால் அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். பொறுமை இழத்தல் கூடாது. நான் முதன்முறை தோள் கடுத்து இடையில் நிறுத்தினேன். எண்ணெய் மேலே மிதந்து எழுந்தது. மீண்டும் கிளறியபின்னரே ஒன்றுபட்டது.

நறுமணம் வேண்டுவோர் இந்நிலையிற் சிறிது எலுமிச்சைப்புல் எண்ணெய் சேர்க்கலாம். மஞ்சள்தூளும் சேர்ப்பர், ஆனால் அதன் மஞ்சள் காரத்திற் சிவந்து பிறகு மங்கிவிடும். நிறத்துக்காக அதனைச் சேர்ப்பவர் ஏமாற்றமடைவர்.

தாள் விரித்த மரப்பெட்டியிற் கலவையை ஊற்றி, சாக்கினால் மூடி, ஒருநாள் அசையாது வைக்கவேண்டும். உள்ளே மாற்றம் நடந்துகொண்டே இருப்பதால் பெட்டி வெதுவெதுப்பாய் இருக்கும். மறுநாள் கையுறை அணிந்தே எடுத்துக் கட்டிகளாக அறுக்கவேண்டும். அறுத்ததும் பயன்படுத்தலாம் என்று எண்ணற்க. நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை காற்றோட்டமான நிழலில், ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி வைத்தல் வேண்டும். நீர் வற்றி, மாற்றம் நிறைவெய்தி, கட்டி கெட்டியாகும். பழைய தொழிலாளர் நாக்கின் நுனியில் தொட்டுக் காரம் பார்ப்பர். சுரீர் என்றால் ஆகாது என்று கொள்வர். நாம் அவ்வாறு செய்யவேண்டியதில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்துப் பினாப்தலீன் அதனைச் சொல்லிவிடும். துளியிட்ட இடம் அடர்ந்து சிவந்தால் காரம் எஞ்சியுள்ளது. நிறமின்றியோ மிக மங்கலாகவோ நின்றால் நன்று. வீட்டுப் பயனுக்குச் செய்துகொள்ள எத்தடையும் இல்லை. உடம்புக்கு உரியதென்று பிறருக்கு விற்பதாயின் அரசின் உரிமம் பெறவேண்டும்.

எங்கள் இரண்டாம் சமையலின் கட்டிகள் பரணில் ஆறு கிழமை இருந்தன. நான் நாள்தோறும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குவேன். அன்னையார் அப்பக்கம் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஆறாம் கிழமை முடிவில் ஒரு கட்டியை ஆசிரியரிடம் கொண்டு சென்றேன். துளி நிறம் மாறவில்லை. வீட்டுக்கு வந்து அக்கட்டியை அன்னையாரிடம் நீட்டினேன். அவர் அதனை முகர்ந்து பார்த்தார். முன்கையை நனைத்துச் சிறிது தேய்த்து, நுரையோடு சற்றுநேரம் பேசாமல் நின்றார். பிறகு கையைக் கழுவித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, துணிக்கூடையை இடுப்பில் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குச் சென்றார்.